தோரியம் நாற்புளோரைட்டு என்னும் வெண்பொடி

1904 ஆம் ஆண்டில், இலங்கையின் சப்பிரகமுவ மாகாணத்துப் பரற்கற்களிடையே கிடைத்த கறுப்புநிறக் கற்கள் சில விஞ்ஞானிகளின் கவனத்தைக் கவர்ந்தன. அவை சிறியவை, சதுரமுகங்கள் ஆறு கொண்ட கனவடிவின, உருவத்துக்கு ஒவ்வாத பாரமுடையவை. அக்காலத்தில் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் பணிப்பாளராக இருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. பிற்காலத்தில் கீழைத்தேயக் கலைகளின் பொருளை உலகுக்கு உரைத்தாரே, அதே குமாரசுவாமிதான். அவர் அக்கற்களை முதலில் யுரேனியம் செறிந்த யுரேனினைற்று என்று கருதினார். இலண்டனில் டன்ஸ்ரன் என்னும் அறிஞர் அவற்றைப் பகுத்தாராய்ந்தபோது, நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் தோரியமொட்சைட்டே இருக்கக் கண்டார். புதிய கனிப்பொருளுக்குத் தோரியனைற்று என்று பெயரிடப்பட்டது.

தோரியம் என்ற பெயர் அதற்கு நெடுநாள் முன்னரே விஞ்ஞான உலகிற் பழகியிருந்தது. சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் பேர்சீலியசு, நோர்வேயிலிருந்து வந்த ஒரு கருநிறக் கனிப்பொருளில் இம்மூலகத்தைக் கண்டு 1829 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். வடநாட்டாரின் இடிக்கடவுளாகிய தோர் என்பவனின் பெயரையே அதற்குச் சூட்டினார். இதே பெயரை அவர் சில ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு பொருளுக்குச் சூட்டி, அது புதிய மூலகமன்று எனப் பின்னர் தாமே தெளிந்து மீட்டுக்கொண்டதும் உண்டு. பேரறிஞரும் தவறுவர் போலும்; ஆயினும் பெயரை அவர் வீணாக்கவில்லை.

இந்த மூலகம் ஒருகாலத்தில் நம்மவர் வீடுகளுக்கும் வந்து போயிற்று. மின்சாரம் எட்டாத ஊர்களில் கலியாண வீட்டுப் பந்தலிலும் கோயில் திருவிழாவிலும் ஒளி வீசிய பெற்றோமாக்ஸ் விளக்கின் வலையில், தீயிற் சிவந்து வெண்ணொளி தந்த பொருள் பெரும்பாலும் தோரியமொட்சைட்டே. அவ்வலை சாம்பலைப் போல நொய்ந்திருக்கும்; ஆனால் உருகாது. தோரியமொட்சைட்டு உருகுவதற்கு 3,300 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும்.

தோரியம் கதிர்த்தொழிற்பாடுடையது என்பதை 1898 ஆம் ஆண்டில் ஜேர்மனியில் ஷ்மிற்றும் பாரிசில் மேரி கியூரி அம்மையாரும் தனித்தனியே கண்டனர். 1905 இல், இலண்டனில் இராம்சேயின் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த ஒற்றோ ஹான் என்னும் இளைஞர், இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெறப்பட்ட உப்பொன்றை ஆராய்ந்து, இரேடியோதோரியம் என்னும் புதுப்பொருளைக் கண்டார். பின்னாளில் யுரேனிய அணுக்கரு பிளவுபடுவதைக் கண்டு நோபெல் பரிசு பெற்றவரும் அவரே. சப்பிரகமுவையின் கருங்கல் அவருடைய முதற் பெருவெற்றிக்கு வழி திறந்தது எனலாம்.

இனி இவ்வுரையின் பொருளுக்கு வருவோம். தோரியம் ஒட்சிசனோடு சேர்ந்தால் அந்தக் கருங்கல்லும் விளக்கு வலையும் ஆகின்றது. அதே தோரியம் புளோரீனோடு சேர்ந்தால் தோரியம் நாற்புளோரைட்டு என்னும் வெண்பொடி ஆகின்றது. ஒரு தோரிய அணுவுக்கு நான்கு புளோரீன் அணுக்கள் என்னும் கணக்கில் அமைந்தமையால் இப்பெயர். பார்வைக்குச் சமையலறை உப்பின் நுண்தூளிலிருந்து இதனை வேறுபடுத்தல் எளிதன்று. ஆனால், கையால் தூக்கினால் வேற்றுமை தெரிந்துவிடும். நீரைப்போல் ஆறு மடங்குக்கு மேற்பட்ட அடர்த்தி இதற்குண்டு.

இதனை ஆக்கும் முறை சொல்வதற்கு எளிது. தோரியமொட்சைட்டை ஏறத்தாழ 600 பாகைக்குச் சூடாக்கி, அதன்மேல் உலர்ந்த ஐதரசன் புளோரைட்டு வாயுவைச் செலுத்தினால், புளோரீன் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்; ஒட்சிசன் நீராவியாக வெளியேறும். செய்வதற்கோ இது கொடிய வேலை. அந்த வாயு கண்ணாடியை அரிக்கும். தோலுட் புகுந்தால் எலும்புவரை சென்று தாக்கும். தோரிய உப்புக்கரைசலில் ஐதரோபுளோரிக்கமிலத்தை ஊற்றியும் புளோரைட்டை வீழ்படிவாகப் பெறலாம். ஆனால், அவ்வாறு கிடைப்பது நீரைத் தன்னுள் கொண்ட வீழ்படிவு. அதனை வெறுங்காற்றிற் சூடாக்கி உலர்த்த முயன்றால், போகின்ற நீர் புளோரீனிற் சிலவற்றையும் இழுத்துக்கொண்டு, ஒட்சிசனை விட்டுச் செல்லும். உலர்ந்த பொடியும் 500 பாகைக்கு மேல் ஈரக்காற்றைக் கண்டால், பாதி ஒட்சைட்டும் பாதி புளோரைட்டுமான ஒரு சேர்வையாக மாறத் தொடங்கும். குளிர்ந்த நீரில் கரையாத இப்பொருள், சூடேறியபோது நீராவிக்கு இடங்கொடுத்துவிடுகிறது. இதனோடு பழகுவோர் முதலிற் கற்கும் பாடம் ஈரத்தை விலக்குதலே.

இத்தனை தொல்லைப்பட்டுப் புளோரைட்டை ஆக்குவது எதற்காக? ஒட்சிசனைப் பற்றிவிட்ட தோரியத்தை அதனிடமிருந்து பிரித்தல் மிகக் கடினம். கரியோடு சேர்த்துச் சூடாக்கினால் தூய உலோகம் கிடையாது, காபைட்டே கிடைக்கும். புளோரைட்டையோ கல்சியம் உலோகத்தோடு கலந்து தாக்கமுறச் செய்தால், கல்சியம் புளோரீனை எடுத்துக்கொண்டு தோரியத்தை விட்டுவிடும். 1940 களில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து ஏம்ஸ் நகரில் இம்முறையைப் பெரிய அளவிற் கையாண்டனர். நாகக் குளோரைட்டையும் உடன் சேர்த்து, முதலில் எளிதில் உருகும் தோரிய-நாகக் கலப்புலோகத்தைப் பெற்று, பின்னர் வெற்றிடத்திற் சூடாக்கி நாகத்தை ஆவியாக ஓட்டினர்.

பொடி ஏன் வெண்மையாயிருக்கிறது என்பதும் கேட்கத்தக்க கேள்வியே. அதன் நெருங்கிய உறவாகிய யுரேனியம் நாற்புளோரைட்டு நல்ல பச்சை நிறம். தோரிய அணு இச்சேர்வையில் தன் வெளிப்புற இலத்திரன்கள் நான்கையும் இழந்துவிடுகிறது. கட்புலனாகும் ஒளியை உறிஞ்சத்தக்க இலத்திரன் எதுவும் அங்கு எஞ்சவில்லை. யுரேனியத்திற்கு வெளிப்புற இலத்திரன்கள் ஆறு. நான்கு போனபின் இரண்டு எஞ்சி நின்று ஒளியின் சில பகுதிகளை உறிஞ்சுகின்றன. அதனாலேயே பச்சை.

கதிர்த்தொழிற்பாட்டைப் பொறுத்தவரை இவ்வெண்பொடி மிகவும் மந்தமானது. இயற்கைத் தோரியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதாகக் கணிக்கப்படும் 1,380 கோடி ஆண்டுகளையும் இது விஞ்சுகிறது. உலகந் தோன்றிய நாள்முதல் இருந்துவந்த தோரியத்தில் பெரும்பகுதி இன்னும் அழியாதிருப்பதற்குக் காரணம் இதுவே. எனினும் அணுக்களின் தொகை அளவிறந்தது. ஒரு கிராம் நாற்புளோரைட்டில் ஏறத்தாழ முக்காற் கிராம் தோரியம் உண்டு. அதில் வினாடிதோறும் ஏறத்தாழ 3,000 அணுக்கள் அல்பாத் துணிக்கையை வீசிச் சிதைகின்றன. அவற்றின் வழித்தோன்றல்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிதைந்து, ஈற்றில் ஈயமாக அமைகின்றன. அவ்வழியில் தோரன் என்னும் வாயுவும் பிறந்து, ஒரு நிமிடத்துக்குட் பாதி அழிந்துவிடும். புதிதாகத் தூய்மையாக்கிய பொடியின் தொழிற்பாடு முதற் சில ஆண்டுகளிற் குறைந்து, பின்னர் பல ஆண்டுகளில் மெல்ல ஏறுவது இவ்வழித்தோன்றல்களின் விளைவே.

புளோரைட்டுக்கே உரிய ஒரு விசேடமும் உண்டு. தோரியத்திலிருந்தும் அதன் வழித்தோன்றல்களிலிருந்தும் புறப்படும் அல்பாத் துணிக்கை, அருகிலிருக்கும் புளோரீனின் கருவில் மோதினால், மிக அருமையாக ஒரு நியூத்திரன் வெளிப்படுகிறது. ஒட்சைட்டைவிடப் புளோரைட்டில் இந்நிகழ்ச்சி மிகுதி. அளவு அற்பமேயாயினும், கருவி கொண்டு அளப்போர் இதனைக் கணக்கிற் கொள்கின்றனர். அல்பாத் துணிக்கையை ஒரு தாளும் தடுத்துவிடும், தோலும் தடுக்கும். அபாயம் தூளை மூச்சோடு உள்ளிழுப்பதில்தான் இருக்கிறது.

இனி இப்பொடியின் ஒரு துகளுக்குள் அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்று பார்ப்போம். கண்ணுக்குப் பொடியாகத் தோன்றினாலும் ஒவ்வொரு துகளும் ஒழுங்கான பளிங்கே. இதனை விளங்கிக்கொள்வதற்கு, முதலில் அந்தக் கருந்தோரியனைற்றைத் திரும்ப நினைவிற்கொள்ளல் நன்று. தோரியமொட்சைட்டின் பளிங்கில் ஒவ்வொரு தோரிய அணுவும் ஒரு கற்பனைப் பெட்டியின் நடுவில் இருக்கிறது. பெட்டியின் எட்டு மூலைகளிலும் எட்டு ஒட்சிசன்கள். தோரியம் பெரிய அணு. எட்டு அயலாரைத் தன்னைச் சுற்றி வைத்துக்கொள்ள இடமுண்டு. ஆனால், சேர்வையின் கணக்கோ ஒரு தோரியத்துக்கு இரண்டு ஒட்சிசன்களே. இரண்டை வைத்துக்கொண்டு எட்டைப் பெறுவது எங்ஙனம்? பங்கிட்டுக்கொள்வதால்தான். ஒவ்வோர் ஒட்சிசனும் நான்கு தோரியங்களுக்குப் பொதுவாக நிற்கிறது. எட்டை நான்கால் வகுத்தால் இரண்டு, கணக்குச் சரி.

புளோரைட்டிலும் தோரியம் எட்டு அயலாரையே வைத்துக்கொள்கிறது. இங்கு ஒரு தோரியத்துக்கு நான்கு புளோரீன்கள் உண்டு. எனவே ஒவ்வொரு புளோரீனும் இரண்டு தோரியங்களுக்குப் பொதுவானால் போதும். ஊர்க் கிணற்றை நாலு வீட்டார் பங்கிடுவது ஒட்சைட்டு. இரண்டு வளவுக்கு நடுவே எல்லைக்கிணறு இருப்பது புளோரைட்டு.

இந்தச் சிறு வேற்றுமையாற் கட்டடம் முழுவதும் மாறிவிடுகிறது. எட்டு மூலைப் பெட்டி அப்படியே நிற்பதில்லை. பெட்டியின் மேல்முகத்தைப் பிடித்து, கீழ்முகம் அசையாதிருக்க, நாற்பத்தைந்து பாகையளவு திருகியதாக எண்ணிக்கொண்டால், தோரியம் நாற்புளோரைட்டில் உள்ள வடிவம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். மேலுள்ள நான்கு புளோரீன்களும் கீழுள்ளவற்றின் நேர்மேலே நில்லாமல், இடைவெளிகளுக்கு மேலே நிற்கின்றன. ஒத்த ஏற்றமுடைய அயன்கள் ஒன்றையொன்று தள்ளும் இயல்பின. திருகியதால் அவை சற்று அகன்று நிற்க இடம் கிடைக்கிறது. இத்திருகிய பெட்டி ஒவ்வொன்றும் தன் எட்டு மூலைகளாலும் வேறு எட்டுப் பெட்டிகளைத் தொட்டு, முப்பரிமாணத்திலும் முடிவின்றிப் பின்னிச் செல்கிறது. தோரியத்துக்கும் புளோரீனுக்கும் இடைப்பட்ட தூரம் ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கில் நாலிலொன்றுக்குச் சற்றுக் குறைவு.

ஒட்சைட்டின் பளிங்கு எப்பக்கம் பார்த்தாலும் ஒரே சீரானது. ஆகையாற்றான் தோரியனைற்றுக் கல் கனவடிவாக வளர்ந்தது. புளோரைட்டின் பளிங்கோ அத்தனை சீருடையதன்று. அதன் அடிப்படை அலகு, மூன்று பக்கங்களும் மூன்று வேறு நீளமுடைய, ஒருபுறம் சாய்ந்த பெட்டி. சாய்வுக்கோணம் ஏறத்தாழ 126 பாகை. அவ்வலகினுள் பன்னிரண்டு தோரியங்களும் நாற்பத்தெட்டுப் புளோரீன்களும் அடங்கும். தோரியங்களும் எல்லாம் ஒரே நிலையில் இல்லை. நான்கு ஒருவகை இடத்திலும் எட்டு மற்றொருவகை இடத்திலும் அமர்ந்துள்ளன.

கண்ணாற் காணவியலாத இவ்வமைப்பை எக்ஸ் கதிர்களைக் கொண்டே அறிந்தனர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் அணுவாராய்ச்சியில் ஈடுபட்டிருந்த சக்கரியாசென் என்னும் நோர்வேயில் பிறந்த அறிஞர், தோரியம், யுரேனியம், நெப்தூனியம், புளுத்தோனியம் ஆகியவற்றின் நாற்புளோரைட்டுகள் யாவும் ஒரே வார்ப்பிற் பிறந்தவை என்று காட்டினார். சிர்க்கோனியம் நாற்புளோரைட்டும் அதே குடும்பத்தது. ஆனால், புளோரீன்களின் சரியான இருப்பிடத்தை எக்ஸ் கதிர்களால் நிறுவுதல் இலகுவன்று. எக்ஸ் கதிர் இலத்திரன்களைக் கண்டே சிதறும். தோரியத்துக்கு நடுநிலையில் 90 இலத்திரன்கள், புளோரீனுக்கு 9. யானைக்கு அருகில் நிற்கும் ஆட்டுக்குட்டியைத் தூரத்திலிருந்து தேடுவது போன்றதே இது. நியூத்திரன் கற்றையைப் பயன்படுத்தினால் இத்தொல்லை பெரிதும் நீங்கும். நியூத்திரன் கருவைக் காண்பதால், இரண்டும் அதற்கு ஏறத்தாழ ஒத்த அளவிலேயே தோன்றும்.

இந்தப் பின்னலே பொடியின் குணங்களுக்குக் காரணம். யுரேனியம் அறுபுளோரைட்டு என்பது வேறொரு பொருள். அதில் ஒவ்வொரு யுரேனியமும் தனக்குரிய ஆறு புளோரீன்களைத் தானே வைத்துக்கொண்டு, எவரோடும் பங்கிடாமல், தனிமூலக்கூறாக நிற்கிறது. மூலக்கூறுகளிடையே பிடிப்பு மிகக் குறைவு. 57 பாகையை எட்டுமுன்பே அது உருகாமல் நேரே ஆவியாகிவிடும். தோரியம் நாற்புளோரைட்டிலோ எந்தப் புளோரீனும் ஒரு தோரியத்துக்கு மட்டும் உரியதன்று. ஒன்றைப் பிரிக்க முயன்றால் இரண்டு பக்கமும் பிடித்திழுக்கும். ஆகையால் 1,110 பாகைவரை திண்மமாகவே நின்று, பின்னர் உருகி, 1,680 பாகையளவிலேயே கொதிக்கிறது. ஒட்சைட்டின் பிடியைவிடத் தளர்ந்தது. அறுபுளோரைட்டின் பிடியைவிட இறுகியது.

இப்பொருளின் மெல்லிய படலம் அகச்சிவப்புக் கதிர்களைத் தடையின்றிச் செல்லவிடும். அகச்சிவப்புக் கருவிகளினதும் காபனீரொட்சைட்டு லேசர்களினதும் வில்லைகளில், ஒளி தெறித்துத் திரும்பாமல் இருப்பதற்கு இதனைப் பூசிவந்தனர். பூச்சு முழுமையாயிருக்கும்வரை தீங்கு பெரிதன்று. வில்லை உடைந்தாலோ, துலக்கும்போது பூச்சு உரிந்தாலோ, உதிரும் தூள் கதிர்த்தொழிற்பாடுடையது. இதனால் கதிர்த்தொழிற்பாடற்ற வேறு புளோரைட்டுகளைத் தேடிப் பயன்படுத்தலாயினர்.

தோரியம் நாற்புளோரைட்டைப்பற்றிய பெரிய எதிர்பார்ப்பு அதனைத் திண்மமாக வைத்திருப்பதிலன்று, உருக்குவதிலேயே பிறந்தது. இயற்கைத் தோரியம் தானாக அணு உலையை எரியவைக்காது. அது ஒரு நியூத்திரனை ஏற்றால், ஏறத்தாழ 22 நிமிட அரைவாழ்வில் புரோற்றக்தினியமாகவும், அது 27 நாள் அரைவாழ்வில் யுரேனியம் 233 ஆகவும் மாறுகிறது. இந்த யுரேனியமே பிளந்து வெப்பம் தருவது. திண்ம எரிபொருளில் இம்மாற்றங்கள் நிகழும்போது பளிங்கின் ஒழுங்கு குலைகிறது, அணுக்கள் இடம்பெயர்கின்றன, கோல்கள் வீங்குகின்றன. திரவத்திற் குலைவதற்குப் பளிங்கு ஏது? இலித்தியப் புளோரைட்டையும் பெரிலியப் புளோரைட்டையும் தோரியம் நாற்புளோரைட்டோடு கலந்தால், கலவை 500 பாகையளவிலேயே திரவமாகிவிடும். அத்திரவத்திலும் தோரியம் தன் பழக்கத்தை முற்றாக விடுவதில்லை. ஏழெட்டுப் புளோரீன்கள் அதனைச் சுற்றியே நிற்கும். ஆனால், நிற்பவை மாறிக்கொண்டேயிருக்கும். கதிரால் ஒரு பிணைப்பு அறுந்தால் அடுத்த கணமே மற்றொன்று வந்து சேரும்.

அமெரிக்காவின் ஓக் ரிட்ச் ஆய்வுகூடத்தில் 1965 ஆம் ஆண்டு முதல் 1969 ஆம் ஆண்டுவரை உருகிய உப்பில் இயங்கும் பரிசோதனை உலையொன்று நடைபெற்றது. அதன் எரிபொருளுப்பில் தோரியம் சேர்க்கப்படவில்லை. இலித்தியம், பெரிலியம், சிர்க்கோனியம், யுரேனியம் ஆகியவற்றின் புளோரைட்டுகளே இருந்தன. சிர்க்கோனியமும் யுரேனியமும் நாற்புளோரைட்டுகளாக, அதாவது தோரியச் சேர்வையின் உடன்பிறப்புகளாக, அங்கு நின்றன. நியூத்திரன்களின் வேகத்தைத் தணிப்பதற்குக் காரீயக் கட்டைகள் வைக்கப்பட்டன. 1968 இல் தோரியத்திலிருந்து பெற்ற யுரேனியம் 233 ஐக் கொண்டும் அவ்வுலை இயக்கப்பட்டது. உப்பு எதிர்பார்த்தபடியே கதிர்வீச்சைத் தாங்கிற்று. குறை வேறிடத்தில் தெரிந்தது: பிளவினால் உண்டாகும் தெலூரியம், நிக்கற் கலப்புலோகக் குழாய்களின் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகளை ஏற்படுத்தியது. சீனாவில் கான்சு மாகாணத்தில் கட்டப்பட்ட சிறிய உருகிய உப்பு உலையொன்று 2023 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. அதற்குத் தோரியமும் பின்னர் சேர்க்கப்பட்டது.

ஓக் ரிட்ச் உலையை நிறுத்தியபின் நிகழ்ந்ததே பளிங்கமைப்பை ஆராய்வோர்க்கு மிகவும் பயனுள்ள செய்தி. உப்பைத் தொட்டிகளுக்குள் வடித்துக் குளிரவிட்டனர். அது இறுகிப் பளிங்காயிற்று. அதனுள் எஞ்சியிருந்த பிளவுப்பொருள்களின் கதிர்வீச்சோ ஓயவில்லை. தனித் தோரியம் நாற்புளோரைட்டின் மந்தமான கதிரோடு ஒப்பிடத்தக்கதன்று அது. திரவமாயிருந்தவரை அறுந்த பிணைப்புகள் உடனுக்குடன் கூடிக்கொண்டிருந்தன. குளிர்ந்த திண்மத்தில், இடம்பெயர்ந்த புளோரீனால் திரும்பி வரமுடியவில்லை. அது மெல்ல மெல்ல வாயுவாக வெளியேறிற்று. இதனை அறிந்திருந்த பொறியியலாளர், பல ஆண்டுகள் வரையில் ஆண்டுக்கொருமுறை உப்பை உருகாத அளவுக்குச் சூடாக்கி, புளோரீனைத் திரும்பவும் பளிங்கிற் சேரச் செய்ய முயன்றனர். 1994 இல் குழாய்களைச் சோதித்தபோது புளோரீன் வாயு மட்டுமன்றி, யுரேனியம் அறுபுளோரைட்டும் அங்கே இருந்தது. நாற்புளோரைட்டாக இறுகி நின்ற யுரேனியத்திற் சில, விடுபட்ட புளோரீனைப் பெற்று, எவரோடும் பங்கிடாத அந்த எளிதில் ஆவியாகும் மூலக்கூறாக மாறி, தொட்டியை விட்டுக் குழாய்வழியே சென்று, கரிப்படுகைகளில் தங்கியிருந்தது. அவ்வாயுக்களையும் கரியிற் படிந்த யுரேனியத்தையும் பின்னர் உப்பிலிருந்த யுரேனியத்தையும் அகற்றும் வேலை 2000 களிலும் நீடித்தது. உலை இயங்கிய காலமோ நான்கு ஆண்டுகளும் சில மாதங்களுமே.